ஆறுமணிக் குருவி

"தம்பி, இன்னொரு தடவை தப்பான பறவையைப் போட்டீங்கன்னா குரூப்புல இருந்து தூக்கிருவேன்" என்று எங்கள் பறவை பார்ப்போர் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் மோகன்ராஜ் சார் எச்சரித்திருந்தார். போன வாரம் நான் போட்ட கொக்கு, கிளையில் மாட்டிய பாலித்தீன் பை.

என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லாததால், இந்த முறை கொல்லிமலை டீக்கடைச் சின்னானிடம் விசாரித்தேன்.

"அண்ணே, இங்க ஆறுமணிக் குருவி வருமா?"

"தெனமும் வருமுங்க. சாயங்காலம் டான்னு ஆறு மணிக்கு."

"எங்கிருந்து?"

"காரவள்ளியில இருந்து மலையேறி வருமுங்க."

"சத்தம்?"

"ரெண்டு விசிலுங்க. அந்தப் பலாமரத்துக்கிட்ட நில்லுங்க. போலீஸ் ஜீப்பு சத்தம் கேட்டா மட்டும் வராதுங்க, பயந்த சுபாவம்."

புத்தகத்திலும் குளிர்காலத்தில் வந்து, ஆறு மணிக்கு இரண்டு விசில் அடிக்கும் குருவிதான். இரண்டு முறை சரிபார்த்துவிட்டுக் குழுவில் போட்டேன்.

மறுநாள் மோகன்ராஜ் சாரும் நான்கு பேரும் வந்து பலாமரத்தடியில் கேமராவோடு படுத்தார்கள். ஆறு மணிக்கு இரண்டு விசில் கேட்டது. ஐந்து கேமராக்களும் நிமிர்ந்தன.

கோணிப்பையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"குவார்ட்டருங்களா, ஆஃபுங்களா?"

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மோகன்ராஜ் சார் கேமராவை மூடிவிட்டுப் பர்ஸைத் திறந்தார்.

ஊர் திரும்பியதும் குழுவில் அவரே எழுதினார்: "ஆறுமணிக் குருவி உறுதி. எண்ணிக்கை: ஐந்து."