பேச்சை நீக்கிய பதிப்பு

ஜெசிந்தாவுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினியே வாசித்துக் காட்டும். ஹெட்போனில் அதைக் கேட்டபடி மளமளவென்று நிரல் எழுதுவாள். இணையம்வழி இயங்கும் கிளவுட் கணினிகளில் கண்டெய்னர் எனப்படும் மென்பொருள் பொதிகளை வேகமாக ஓட்டுவதற்காக அவளுடைய குழு உருவாக்கிய, அளவில் சிறிய இயங்குதளத்தில் பாதிக்கு மேல் அவள் எழுதியதுதான். அதன் புதிய பதிப்பைக் குழுவினர் எல்லாருடைய கணினியிலும் ஏற்றியிருந்தார்கள். காலையில் வந்து ஹெட்போனை மாட்டினாள். சத்தமே இல்லை.

"வாசு, என் மெஷின் பேச மாட்டேங்குது."

குழுத்தலைவன் வாசுதேவன் இருந்த இடத்திலிருந்தே சொன்னான். "திரைய வாசிக்கிற அந்த வாய்ஸ் பேக்கேஜ புது பதிப்புலேர்ந்து தூக்கிட்டோம் ஜெசி. சும்மா எடத்த அடச்சிட்டு இருந்துச்சு. இப்ப எவ்ளோ வேகமா பூட் ஆகுது தெரியுமா?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ஒரு ஆளுக்காக எல்லாரும் அத சுமக்க முடியுமா? பக்கத்துல யாரையாவது படிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தான் எழுதியதைத் தனக்கு இன்னொருவர் படித்துக் காட்ட வேண்டுமா? ஜெசிந்தாவுக்குக் காதுமடல்வரை கொதித்தது. எழுந்தாள். மேசைகளைத் தடவிக்கொண்டே அவனிடம் போனாள். அவனுடைய திரைக்குப் பின்னால் கையை விட்டு, கேபிளை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க? ஒண்ணுமே தெரியல."

"உங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

கேபிளைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டாள். பிறகு அடுத்த திரையைப் பிடுங்க, பக்கத்து மேசையின் விளிம்பைத் தேடினாள்.