பாதி படித்தவள்

மேடை ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. பேச வேண்டிய நாவலை சந்திரகலா பாதிதான் படித்திருந்தாள்.

பரிசு வாங்கிய பழைய நாவல். இருபது வருஷமாகக் கடையில் கிடைக்காமல், இப்போதுதான் மறுபதிப்பு. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் வெளியீடு. பேச ஐந்து பேர், அவள்தான் கடைசி.

சோம்பேறித்தனமெல்லாம் இல்லை. அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் எப்போது முடிப்பது?

முன்வரிசையில் நாவலை எழுதிய மார்க்கிரட் அம்மா. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“இந்தக் காப்பியை விடிய விடிய உட்கார்ந்து முடிச்சேன். கடைசிப் பக்கத்துல அழுதுட்டேன்,” என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார் முதலில் பேசிய, அரசுப் பட்டம் வாங்கிய டத்தோ. கைதட்டல். அடுத்துப் பேசிய மூவரையும் அதே முடிவு உலுக்கிவிட்டதாம்.

சந்திரகலா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

நாலாவதாகப் பேசி முடித்த தெம்பில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் பக்கிரிசாமி. “என்னம்மா, இப்படி வேர்க்குது?”

“அண்ணே, நான் இன்னும் முடிக்கல.”

“அவ்வளவுதானே? முடிவு பிரமாதம்னு சொல்லிட்டு இறங்கு லா. யாரு கேக்கப் போறா?”

பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தாள். ‘பிரமாதம்’ தொண்டை வரை வந்து நின்றுவிட்டது.

“மன்னிக்கணும். நான் பாதிதான் படிச்சிருக்கேன். ரொம்ப நல்லா இருக்கு, சீக்கிரம் முடிக்க மனசு வரல.”

மண்டபமே சிரித்தது. பக்கிரிசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

“படிக்காம எதுக்கு மேடை ஏறணும்?” டத்தோ முணுமுணுத்தது கடைசி வரிசை வரை கேட்டது.

அழுகையை அடக்கிக்கொண்டு இறங்கியவளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார் மார்க்கிரட் அம்மா.

“கோவமா ஆன்டி?”

“எதுக்கும்மா கோவம்? உன் காப்பியக் குடு. இத வெச்சுக்கோ.” பையிலிருந்து வேறொரு பிரதியை எடுத்து நீட்டினார்.

“என்கிட்டதான் இருக்கே?”

“பேசுறவங்களுக்குன்னு முன்னாடியே கொடுத்த அஞ்சு காப்பியிலயும் பைண்டிங்ல கடைசி அத்தியாயம் விட்டுப்போச்சு. எனக்கே அப்புறந்தான் தெரிஞ்சுது. கேட்டா மாத்திக் கொடுக்கலாம்னு நல்ல காப்பி அஞ்சு தூக்கிட்டு வந்தேன்,” என்றவர் மேடையைப் பார்த்தார். “முடிச்ச நாலு பேரும் இன்னும் வந்து கேக்கல.”