ஏழு கண்டம் கண்டவர்

உலகில் கண்டங்கள் ஏழு. அந்த ஏழிலும் கால் பதித்த மாமனிதர் கரூர் மண்ணில் பிறந்தார் என்பதை வரலாறு ஒருநாளும் மறக்காது.

கல்யாண மண்டப வாசலில் பாராட்டு விழா ஃப்ளெக்ஸ் அப்படிச் சொல்லிக்கொண்டு நின்றது.

மாமனிதர் சென்னியப்பன் உள்ளே மணமகன் அறையில், மூச்சை இழுத்துப் பிடித்து, வேட்டிக்கு மேல் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையின் சரிகை கழுத்தில் அறுத்தது. அவருடைய மனைவி என்பதால் அவளுக்கும் ஒரு சால்வை உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

திரைச்சீலை விற்கப் போன ஊர்களைத்தான் விழா நடத்தும் சங்கத்தார் உலகப் பயணம் என்றார்கள். போன இடத்திலிருந்தெல்லாம் அவர் அவளுக்கு ஓட்டல் சோப்புக் கொண்டுவந்து கொடுத்தார்.

கதவைத் தட்டிவிட்டு அர்த்தநாரி வந்தார். பூகோளப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கு வாழ்த்துரை அவருடையது.

“ஏழையும் பேர் சொல்லிட்டீங்கன்னா பேசறதுக்குச் சௌகரியமா இருக்குமுங்க. எம்பட பழைய மாணவன் எவனாச்சும் எந்திரிச்சுக் கேட்டுப்போடுவான்.”

சென்னியப்பன் விரல் விட்டு எண்ணினார். ஆசியா. ஐரோப்பா. ஆப்பிரிக்கா. வட அமெரிக்கா.

நாலாவது விரலோடு கை நின்றது.

“தென் அமெரிக்கா?”

“விசா குடுக்கலீங்க.”

“அண்டார்டிகா?”

“அங்க யாருங்க திரைச்சீலை வாங்குவா?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆள் இரக்கமுள்ளவர்.

“கோடு கடவுளா போட்டாரு? மனுசன் போட்டதுதானுங்க. ஒரு நாட்டுல ஏழும்பான், இன்னொரு நாட்டுல ஆறும்பான். ரெண்டு அமெரிக்காவையும் ஒண்ணாவே படிக்கறவனும் இருக்கான். ஒண்ணாவே வெச்சுக்குவோம்.”

தென் அமெரிக்கா தீர்ந்தது.

“ஆள் குடியில்லாத இடத்தைக் கணக்குல சேக்காதவங்களும் இருக்காங்க.”

அண்டார்டிகாவும் கரைந்தது.

சென்னியப்பனின் முகத்தில் ரத்தம் திரும்பியது. பேராசிரியருக்கும் வேகம் வந்துவிட்டது.

“பாக்கப்போனா, ஐரோப்பாவும் ஆசியாவும்கூட ஒரே நிலந்தானுங்க…”

“அதை எதுக்குங்க தொடறீங்க? நாலு தடவை போன இடமுங்க அது!”

பேராசிரியர் ஐரோப்பாவை விட்டுக்கொடுத்தார்.

மிச்சம் ஒன்று.

யாரும் பேர் சொல்லவில்லை. அவள் மடியில் கையை இறுக்கிக்கொண்டாள்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன். மெல்போர்னில் மேகலா. அவர்களுடைய ஒரே மகள். தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே குடியேறியவள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தியவர், சிட்னியில் பெரிய வியாபாரக் கண்காட்சி என்று அழைத்தபோதுகூட மேனேஜரை அனுப்பிவிட்டார். பேரன் இந்த வருடம் பள்ளிக்கூடம் போகிறான். போனில் மட்டுமே பார்த்த இந்தப் பாட்டிக்கு, அவன் தன் இடுப்பு உயரம் இருப்பானா என்றுகூடத் தெரியாது.

இதையும் எதோடாவது சேர்த்துவிடுவாரோ.

பேராசிரியர் கூரையைப் பார்த்து யோசித்தார். அவள் அவர் வாயைப் பார்த்தாள். சேர்த்துவிடாதீங்க சாமி என்று உள்ளுக்குள் சொன்னாள். உலகத்தில் தன் கணவர் போயே ஆகவேண்டிய இடம் என்று ஒன்றாவது இருக்கட்டும்.

“இதை ஒண்ணும் பண்ண முடியாதுங்க,” என்றார் பேராசிரியர். “சுத்தியும் தண்ணி. தனியா நிக்குது.”

அவளுக்கு மூச்சு வந்தது.

“விழாவை ஒரு வாரம் தள்ளி வெச்சா என்னங்க? ஒரு எட்டுப் போயிட்டு வந்துட்டீங்கன்னா நான் தைரியமாப் பேசுவேன். ஃப்ளெக்ஸு இங்கயேதான் இருக்கப்போகுது.”

வெளியே மைக் செட்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள்.

“போயிட்டு வந்தர்லாமுங்க.”

சத்தம் வரவில்லையோ என்று மறுபடி சொன்னாள். “ரெண்டு பேரும் போயிட்டு வந்தர்லாமுங்க.”

சென்னியப்பன் அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு முறை உதடு அசைந்தது.

பிறகு கதவைத் திறந்து சங்கச் செயலாளரைக் கூப்பிட்டார்.

“ஏழுங்கறதை மறைச்சுப்போட்டு, பல அப்படின்னு ஒட்டச் சொல்லுங்.”

அவ்வளவுதான். உலகம் சரியாகிவிட்டது.

பேராசிரியர் அரைமணி நேரம் பேசினார். பல கண்டங்கள் என்று சொன்னபோதெல்லாம் குரலைத் தூக்கினார். பழைய மாணவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. பலவற்றை யார் எண்ணப்போகிறார்கள்? பொன்னாடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மாமனிதரின் காது வரை வந்தன.

அவளுக்கும் சொன்னபடி ஒரு சால்வை போட்டார்கள். கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள்.

அவளுக்கு ஆஸ்திரேலியா விசா போன வாரமே வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை விமானம். அவருக்கு இன்னும் தெரியாது.