நட்சத்திர நோட்டு

அவர் ஆல்பத்தை மேசைமேல் வைத்தார். கையை எடுக்கவில்லை.

கடைக்காரர் கோவர்த்தனன் காத்திருந்தார். பழைய நாணயமும் நோட்டும் வாங்கி விற்கிற சின்னக் கடை. மதுரை மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. நோட்டு பறந்துவிடும் என்று மின்விசிறியைக்கூடப் போடவில்லை.

"பாக்கலாமா சார்?"

கையை எடுத்தார்.

எல்லாம் அமெரிக்க நோட்டுகள். மகன் குமரகுரு சேர்த்தது. கோவில் பக்கத்தில் பணம் மாற்றித் தருகிற கடையில் அவன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தான். கோவர்த்தனனிடம் அவர் அதுவரைதான் சொன்னார். வெள்ளைக்காரர்கள் நீட்டுகிற டாலர்களில் ஏதாவது வித்தியாசமாகக் கண்ணில் பட்டால், தன் காசைப் போட்டு எடுத்துக்கொள்வான். சிலதை வெளியே விலை கொடுத்தும் வாங்குவான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டுவான். அவளுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். இருந்தாலும் பார்ப்பாள்.

அப்பாவிடம் காட்டமாட்டான். "இந்தக் காசுக்கு ஒரு சீட்டுப் போட்டிருக்கலாம்ல" என்பார்.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், மேலூர் சாலையில் அவன் பைக்கின்மேல் லாரி ஏறியது.

ஆல்பம் பீரோவில் இருந்தது. அதனால் அவன் அம்மா பீரோவைத் திறப்பதில்லை. கொடியில் கிடந்த இரண்டு சேலையையே மாற்றி மாற்றிக் கட்டினாள். நேற்று, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"யார்ட்டயாவது குடுத்துட்டு வாங்க. என்ன குடுத்தாலும் சரி."

கோவர்த்தனன் ஒவ்வொரு நோட்டாக வெளியே எடுத்தார். ஓரத்தை மட்டும்தான் தொட்டார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். திருப்பி மறுபடி பார்த்தார்.

"புதுசா சேக்குறவங்க எல்லாம் பெரிய தொகையாத்தான் தேடுவாங்க சார். தம்பி அப்படி இல்ல. முத்திரை நிறத்தைப் பாத்து எடுத்திருக்காப்ல."

விரலால் காட்டினார். இது நீல முத்திரை. ஒரு காலத்தில் இந்த நோட்டைக் கொடுத்தால் அங்கே வெள்ளி கொடுத்தார்கள். இது சிவப்பு. இரண்டு டாலர். அங்கே உள்ளவர்களே அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர் குனிந்து பார்த்தார். நீலம் நீலமாகத் தெரிந்தது. சிவப்பு சிவப்பாகத் தெரிந்தது.

அவன் காட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

"இதுல ஏமாந்துட்டாப்ல." இன்னொரு நோட்டைத் தனியே வைத்தார் கோவர்த்தனன். "துவைச்சு இஸ்திரி போட்ட நோட்டு. பாக்கப் புதுசு மாதிரி இருக்கும். மொடமொடப்பு இருக்காது. யாரோ நல்ல விலைக்குத் தலையில கட்டிட்டாங்க."

மகன் ஏமாந்தான் என்று கேட்டதில் அவருக்கு வருத்தம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் உட்கார்ந்து, பையன் எதில் கெட்டி, எதில் மந்தம் என்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அப்போதெல்லாம் அவர் போனதில்லை. அவள்தான் போவாள்.

"வேற எதுல தப்பு விட்டிருக்கான்?" என்று கேட்டார்.

கோவர்த்தனன் சிரித்தார். "இந்த வயசுக்கு இவ்வளவு தெரியிறதே பெரிசு. நம்மகிட்ட அனுப்புங்க. ஏன் விக்கணுங்கிறாப்ல?"

சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் கோவர்த்தனன் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அங்கே லென்ஸ் நின்றது. வெகுநேரம் நகரவில்லை.

"நம்பருக்கு முன்னால ஒரு நட்சத்திரம் இருக்கு பாருங்க."

இருந்தது. எள்ளளவு.

"அச்சடிக்கையில ஒரு நோட்டு கெட்டுப்போச்சுன்னா அதைக் கிழிச்சுப் போட்டுருவாங்க. திரும்ப அதே நம்பர்ல அடிக்க மாட்டாங்க. பதிலுக்கு இந்த மாதிரி நட்சத்திரம் போட்ட நோட்டு ஒண்ணை வச்சிருவாங்க. கட்டுல எண்ணிக்கை சரியாயிரும்."

அவர் அந்த நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடிப்பே இல்லாம இருக்கு. கூட்டத்துல, கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு இதைக் கண்டுபிடிச்சிருக்காப்ல. நானே விட்டிருப்பேன் சார்."

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதே மூச்சில் வலித்தது.

கோவர்த்தனன் மொத்தத்துக்கும் ஒரு விலை சொன்னார். அவர் எதிர்பார்த்ததைவிட நல்ல விலைதான். பிறகு கோவர்த்தனனே தயங்கினார்.

"எதுக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். இப்படிப் பாத்துப் பாத்துச் சேத்தவங்க பின்னால வருத்தப்படுவாங்க. நம்பர் சொல்லுங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவர் நம்பரைச் சொன்னார். தடுமாறாமல் சொன்னார். கோவர்த்தனன் அதைப் போனில் அழுத்தி, காதில் வைத்துக்கொண்டார்.

மேசைக்கு இந்தப் பக்கம், அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது.

குமரகுருவின் போன். ராத்திரி சார்ஜில் போடுவார். காலையில் எடுத்துப் பையில் வைத்துக்கொள்வார். மாதம் பிறந்தால் ரீசார்ஜ் செய்துவிடுவார். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

கோவர்த்தனன் அந்தப் பையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

அவர் போனை எடுக்கவில்லை. கோவர்த்தனனும் துண்டிக்கவில்லை.

மணி அடித்து, அதுவாக நின்றது.

கோவர்த்தனன் தன் போனைக் கவிழ்த்து வைத்தார். வெளியே எடுத்த நோட்டுகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் செருகினார். இஸ்திரி போட்ட நோட்டையும் செருகினார். ஆல்பத்தை மூடி, மெல்ல அவர் பக்கம் தள்ளினார்.

"எடுக்கலை சார்," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "வேலையா இருப்பாப்ல."

அவர் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார். "இந்த மாசம் அவனுக்கு லீவே குடுக்கலை."