எந்தக் கை

தீவிர சிகிச்சைப் பிரிவின் நாலாம் கட்டிலில் கிடந்த வேலாயுதத்தின் இடது கையில், ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றிக்கொண்டிருந்தது ஒரு பம்பு. எவ்வளவு ஏற்றுவது என்பதை மேலே மாட்டியிருந்த கம்ப்யூட்டர் சொல்லும்.

காலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

"ரத்தம் ரொம்ப நீர்த்துப் போயிருக்கு. மருந்தைப் பாதியாக்கு" என்றது கம்ப்யூட்டர்.

"ஐயா, ரத்தம் எடுத்ததே நான் மருந்து ஏத்துற கையிலதான். என் மருந்தும் அதுல கலந்திருக்கும். குறைச்சா அவருக்கு ரத்தம் உறைஞ்சிடும்" என்றது பம்பு.

"எந்தக் கைன்னு பதிய என் படிவத்துல கட்டம் இல்லையே."

பம்பு பாதியாக்கியது. மதியமும் அதே கையில்தான் எடுத்தார்கள். "மருந்தை நிறுத்திடு" என்றது கம்ப்யூட்டர்.

மனிதர்களிடம் பேச பம்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: குழாய் அடைத்தால் கத்துவது. அடைப்பு எதுவும் இல்லை. இருந்தும் கத்தியது.

நர்ஸ் ஜெசிந்தா ஓடிவந்து குழாயைத் தடவிப் பார்த்தாள். அதன் பக்கத்திலேயே, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, அவருடைய வலது கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள்.

"உறையப் பார்க்குது. பழைய அளவே விடு" என்றது கம்ப்யூட்டர், ஒன்றும் நடக்காத மாதிரி. பிறகு பதிவு செய்தது: "பம்பு பழுது. காரணமில்லாமல் கத்துகிறது."

அதற்குக் கட்டம் இருந்தது.