ஓயாமல் பேசிய போன்

"மேடம், நீங்க பண்றது அநியாயம்!"

வேனுக்குள் நின்றபடி டெக்னீஷியன் கத்தினான். எதிரே, காலையில் ஆறு மாடியாக நின்ற கட்டடம் கல்லும் கம்பியுமாகக் குவிந்து கிடந்தது.

மேடம் திரும்பவே இல்லை. கண் கணினித் திரையிலேயே இருந்தது.

செல்போன் கம்பெனியில் மேடத்துக்குப் பட்டப்பெயர் 'கத்தரி'. ஒவ்வொரு போனும் நாலைந்து அலைவரிசையில், "நான் இங்கே இருக்கேன், இங்கேதான் இருக்கேன்" என்று டவரிடம் நச்சரித்துக்கொண்டே இருக்குமாம். அந்த வெட்டிப் பேச்சை வெட்டுவதுதான் அவருக்கு வேலை. "ஒரு வாயால சொன்னாப் போதாதா? நாலு வாயாலயும் கத்தணுமா?" என்பார். அவர் வீட்டில் ரசத்துக்கு உப்பு போதுமா என்றுகூட ஒரு தடவைக்கு மேல் கேட்க முடியாது என்று ஆபீசில் கிண்டல் உண்டு.

இன்றைக்கும் வந்ததும் கத்தரியைத்தான் எடுத்தார். வேன் மேல் நிறுத்தியிருந்தது சின்னஞ்சிறு டவர். இடிபாட்டுக்குள் மாட்டியவர்களின் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எல்லா அலைவரிசையிலும் கத்த, அது திணறிப்போனது. சந்தைக்கடையில் யார் குரல் யாருக்குக் கேட்கும்?

"எல்லாப் போனும் ஒரே அலைவரிசையில, எப்பவாவது ஒரு தடவை பேசினாப் போதும்" என்று மாற்றிவிட்டார். யார் எங்கே கிடக்கிறார்கள் என்று மீட்புப் படைக்கு அப்புறம்தான் கொஞ்சம் பிடிபட்டது. ஆனால் வெளியிலிருந்து கூப்பிட்டால் ரிங் போகாது.

அங்கேதான் வந்தது வினை. உள்ளே மாட்டியவர்களில் டெக்னீஷியனின் மச்சானும் ஒருவன். எலக்ட்ரீஷியன். வயரிங் வேலைக்குப் போன இடத்தில் இந்தக் கதி.

டெக்னீஷியனின் போன் மறுபடி அடித்தது. அவன் மனைவிதான்.

"என்னங்க, என் தம்பிக்கு ரிங்கே போகலையே! நீங்க அந்தக் கம்பெனியிலதானே குப்பை கொட்டுறீங்க? அவன் குரலை ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும்ங்க..."

மேலே அவளால் பேச முடியவில்லை. அழுகை.

"கேட்டுச்சா மேடம்? அவளுக்குத் தாயில்லை. அந்தப் பயலை இடுப்புல தூக்கி வளர்த்தவ. ஒரு நிமிஷம் அவன் லைனைத் திறந்து விடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"முடியாது."

"ஒரு நிமிஷத்துல என்ன குடி முழுகிடும்?"

"ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும். வேலையைப் பாரு."

அவன் ஆத்திரத்தோடு திரையைப் பார்த்தான். எல்லா நம்பரும் மங்கலாக எப்போதாவது ஒரு தடவை மின்னின. ஒன்று மட்டும் பச்சைப் பசேலென்று விடாமல் எரிந்தது. எல்லா அலைவரிசையும் அதற்குத் திறந்திருந்தது.

அந்த நம்பர் அவனுக்கு மனப்பாடம். சிம் வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

"இது... உங்க தம்பி நம்பராச்சே மேடம்? அவரும் உள்ளேயா?"

மேடம் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவன் சட்டென்று அந்த நம்பரைத் தன் போனில் அழுத்தினான். ரிங் போனது! மேடம் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கி, துண்டித்தார்.

"அதுக்கு மட்டும் கூப்பிடாதே!"

"ஓகோ! ஊருக்குத்தான் உபதேசமா? உங்க தம்பின்னா எல்லா வழியும் திறந்திருக்கும். எங்க வீட்டுப் பையன்னா வாயைக் கட்டிடுவீங்க. நல்லா இருங்க மேடம். நல்லா இருங்க!"

மேடம் மறுபடி திரை முன்னால் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் அந்தப் பச்சை அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் புழுதியோடு மீட்புப் படைத் தலைவர் வேனுக்குள் ஏறினார். "மேல்மாடிக்காரங்க எல்லார் இடமும் தெரிஞ்சு போச்சு மேடம். தோண்ட ஆரம்பிச்சாச்சு."

"கீழ்த்தளம்?"

"அங்கே போய்ச்சேர நாளைக்கு ஆயிடும். ஒரு போன் இன்னும் முனகிட்டு இருக்கு, அந்த ஆளை எப்படியும் எடுத்துடுவோம். இன்னொருத்தர்..." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கல்லு சரிஞ்சுகிட்டே இருக்கு, முன்னே காட்டின இடத்துலயே இருப்பார்னு சொல்ல முடியாது. இனி சிக்னலும் இல்லை. எந்தப் பக்கம்னு தேடுறது மேடம்?"

மேடம் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

டெக்னீஷியனுக்குப் புரியவில்லை. "அந்தப் போன் ஏன் சார் அணைஞ்சுது? அதைத்தானே அவங்க நல்லாத் திறந்து விட்டிருந்தாங்க?"

"திறந்து விட்டதாலதான்ப்பா அணைஞ்சுது. ஓயாமப் பேசினா சார்ஜ் நிக்குமா? ஆனா அடியிலிருந்து ஒண்ணாவது விடாமப் பேசினாத்தான், அதை வச்சு மத்தவங்க இடத்தை அளக்க முடியும். கீழ்த்தளத்துல இருந்தது ரெண்டே போன். எதைப் பலி கொடுக்கிறதுன்னு மேடத்துக்கிட்டதான் கேட்டேன்."

"ஒண்ணு அவங்க தம்பியோடது. இன்னொண்ணு யாரோடது சார்?"

"யாரோ எலக்ட்ரீஷியனாம். அதைப் பலி கொடுத்துடலாமான்னு கேட்டதுக்கு, 'ஐயோ வேண்டாம், அவனோட அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?'ன்னுட்டாங்க."