பேனருக்கு ஒரு படம்

படத்தில் தனுஜாவின் இடது கண் மறுபடியும் வெள்ளையாகவே விழுந்தது.

நாளை அவளுக்கு மூன்று வயது. தொழிலாளர் லயத்து முனையில் பேனர் கட்டாமல் பிறந்தநாள் கொண்டாடுவது இந்தத் தேயிலைத் தோட்டத்தில் வழக்கமில்லை. கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பூனைக்குட்டிக்கே போன மாதம் பேனர் கட்டினார்கள்.

ஒரு வாரத்துக்கு முன்பு அப்பா குகனேஸ்வரனின் போனில்தான் முதலில் எடுத்தார்கள். கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. பழைய போன் என்றார்கள்.

பக்கத்து வீட்டு லோகேஸ்வரன் தன் போனைக் கொடுத்தான். அதிலும் வெள்ளை. மலிவு போன் என்றார்கள்.

கடைசியில் அம்மா உமாதேவியின் அண்ணன் ஹரிதாஸ் வந்தார். தானா ராத்தா டவுனில் போன் கடை வைத்திருப்பவர். அதனால் போன், டிவி, காய்ச்சல், கல்யாணம் எல்லாவற்றிலும் அவர் சொன்னதுதான் முடிவு. வெளியே பனி மூடி மத்தியானமே இருட்டிக் கிடந்தது. போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு எடுத்தார்.

வெள்ளை இன்னும் பளிச்சென்று விழுந்தது.

“நல்ல போனுலா, அதான் இவ்ளோ கிளியரா காட்டுது!”

உமாதேவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிள்ளையை ஈப்போவில் ஒரு கண் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று அவளும் ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். முதலில் பிறந்தநாள் முடியட்டும் என்று வீடே சொல்லிவிட்டது.

“அண்ணே, போனுலதான் கோளாறுன்னா, வலது கண்ணு மட்டும் எப்படி நல்லா விழுது?”

போன் கடைக்காரரிடம் பதில் இல்லாமல் போகுமா? ஆங்கிள் சரியில்லை என்றார்.

சாயங்காலத்துக்குள் படம் ரிங்லெட் பேனர் கடைக்குப் போயாக வேண்டும். ஹரிதாஸே வழியும் சொன்னார். பிள்ளை அந்தக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கட்டும். வெள்ளையும் தெரியாது, ஸ்டைலாகவும் இருக்கும். மச்சானின் மூளையைக் குகனேஸ்வரன் மெச்சிக்கொண்டான்.

தனுஜா சமர்த்தாக ஒரு கண்ணைப் பொத்தினாள். மூன்று வயதுக்கு இடது எது, வலது எது? அவள் பொத்தியது வலது கண்ணை.

எல்லோரும் சிரித்தார்கள்.

தனுஜா சிரிக்கவில்லை. கையை எடுக்கவுமில்லை.

“மாமா, லைட்டு போடுங்க.”

டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.